படியெடுப்பது களவாகுமா?

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், இரண்டு பழைய வீடியோ நாடாக்களைப் பையிலிட்டுக்கொண்டு, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள நகரத்துக்குச் சென்றேன். நாடாவில் உள்ளதை டிஸ்க்கில் பதித்துத் தரும் ஸ்டூடியோ ஒன்று அங்கே இருப்பதாகக் கேள்வி. ஒரு நாடா, 1988 ஆம் ஆண்டில் நடைபெற்ற என் தங்கையின் நிக்காஹ். மற்றது, அதற்கு முந்திய ஆண்டில் என் தமையனார் சிங்கப்பூரில் காசு கொடுத்து வாங்கிவந்த பாட்டுக் கச்சேரி. முதல் நாடாவைப் பெற்றுக்கொண்ட கடைக்காரர், இரண்டாவதன் உறையைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். “இது கம்பெனி கேசட். இதைக் காப்பி எடுப்பது திருட்டு. வேண்டுமானால் புதிதாக விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். “எங்கே கிடைக்கும்?” என்று கேட்டேன். அந்தக் கம்பெனி மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரிடம் விடையில்லை.

அந்தக் கடைக்காரர்மீது எனக்கு வருத்தமில்லை. வம்பு வேண்டாமென்று ஒதுங்குவது வியாபாரிக்கு இயல்பு. என்னை வருத்தியது, ஊர் திரும்பிய பிறகு நடந்தது. மஃரிபுத் தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் திண்ணையில் இச்செய்தியைச் சொன்னேன். நன்கு கற்றறிந்த நண்பர் ஒருவர், “கடைக்காரர் சொன்னதுதான் நியாயம். படியெடுப்பது எல்லாமே களவுதான். உங்கள் தங்கை நிக்காஹ் நாடாவில்கூடப் பின்னணியில் நாகூர் ஹனீபாவின் பாட்டு ஒலிக்கிறதே, அது மட்டும் என்னவாம்?” என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். அவர்களுள் ஒருவர், “இந்தத் தொல்லையே வேண்டாமென்றுதான் எங்கள் வீட்டிலிருந்த நாடா முழுவதையும் பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டேன்” என்று பெருமையோடு சொன்னார்.

அவருடைய தாயார் இறந்து பதினைந்து ஆண்டுகளாகின்றன. எடைக்குப் போன அந்த நாடாக்களில் அந்த அம்மையார் நடந்தார், சிரித்தார், பேரப்பிள்ளையின் காதில் பெயர் சொல்லி அழைத்தார். நான் அறிவேன். ஏனெனில், அதில் ஒரு நாடாவை அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நானும் பார்த்திருக்கிறேன். பேணுதல் என்று எண்ணி மனிதர் செய்த காரியம் அது! இக்கட்டுரை, அன்று திண்ணையில் நிகழ்ந்த அந்தத் தலையசைப்புக்கு மறுப்பு.

முதலில், நாடா எத்தகைய பொருள் என்பதைத் தெரிந்துகொள்ளல் நன்று. 1976 ஆம் ஆண்டில் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வெளியிட்ட விஎச்எஸ் முறையே நம் வீடுகளுக்கு வந்துசேர்ந்தது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியோர் தம் பெட்டிகளோடு ‘டெக்’ கொண்டுவந்த காலத்தை நம்முள் நடுவயது கடந்தோர் மறந்திருக்கமாட்டோம். ஒரு தெருவுக்கு ஒரு டெக் இருந்தால் அத்தெருவே ஒரு குடும்பமாகிவிடும். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. மூன்று மணி நேர நாடாவெனில் அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். அதன்மேல் காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. படமும் குரலும் அத்துகள்களின் காந்த நிலையிலேயே உறைகின்றன.

அந்தப் பசைக்குப் பகை ஈரம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சப் பசை இளகிச் சிதைகிறது, துகள் உதிர்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என நம்மவர் பெருக வாழும் ஊர்கள் பலவும் கடற்கரை ஊர்கள். இவ்வூர்களின் அலமாரிகளில் கிடக்கும் நாடாக்களின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்ந்திருப்பதை யாரும் திறந்து காணலாம். நாடா ஒரு பக்கம் மடிய, அதை ஓட்டும் இயந்திரம் மறுபக்கம் மறைகிறது. உலகில் கடைசியாக விசிஆர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று ஓடும் ஒவ்வொரு டெக்கும் பழையதே. பழுதானால் மற்றொரு பழையதன் உறுப்பைப் பிடுங்கித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆகவே, படியெடுக்காதே என்று ஒருவர் சொன்னால், ‘அழியட்டும்’ என்று சொல்வதே அதன் பொருள். மூன்றாவது வழி ஒன்று கிடையாது.

இனிக் களவு என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். மத்ரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளில் களவுக்கு ஒரு வரையறை உண்டு. பிறர் உடைமையை, அது காக்கப்படும் இடத்திலிருந்து, மறைவாக எடுப்பதே களவு. என் தமையனார் காசு கொடுத்து வாங்கிய நாடா, அவர் வீட்டு அலமாரியில், அவர் காவலில் இருந்தது. அதிலுள்ள பாட்டை அவர் கேட்பதற்காகவே கம்பெனி விற்றது. அவரும் அதற்காகவே வாங்கினார். நாடாவில் கேட்ட பாட்டை டிஸ்க்கில் கேட்டால் யாருடைய பொருள் குறைந்தது? யாருடைய கல்லாவிலிருந்து காசு போயிற்று? மண்குடத்தில் வாங்கிவந்த எண்ணெயை, குடம் கசியக் கண்டு செப்புக்குடத்தில் ஊற்றிவைப்பவளைக் கள்ளி என்பார் உண்டோ?

“எண்ணெயை ஊற்றினால் பழைய குடம் காலியாகும். இங்கே நாடாவும் இருக்கிறது, டிஸ்க்கும் இருக்கிறது. ஒன்று இரண்டாகிவிட்டதே!” என்று நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. அந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே குடும்பத்தின் கண்ணுக்கும் காதுக்கும் இருக்கும்வரை அது ஒன்றேதான். இரண்டாவதை எடுத்து விற்றாலோ, ஊராருக்குப் பங்கிட்டாலோ, அன்றுதான் அது இரண்டாகிறது. அன்றுதான் படைத்தவனின் பங்கு பறிபோகிறது. அதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். எழுத்தாளனின் உரிமையும் கண்டுபிடித்தவனின் உரிமையும் பேணத்தக்கவை, அவற்றை மீறலாகாது என்று 1988 ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹுப் பேரவை முடிவு செய்தது. அம்முடிவை நான் தலைமேல் கொள்கிறேன். பாடியவரின் பிழைப்பை அறுத்து நாம் பாட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஆனால், ஒருவரின் உரிமையை மதிப்பது வேறு. அவருக்கு எவ்வித இழப்புமில்லாத ஒன்றைக் களவு என்று சொல்லி வீட்டாரை அச்சுறுத்துவது வேறு.

“நியாயம் பேசாதீர்; சட்டம் என்ன சொல்கிறது?” என்பது அடுத்த கேள்வி. சட்டத்தையே பார்ப்போம்.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டினது. அதன் 17 ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே என்கிறது. புகைப்படத்துக்கும் அப்படியே, சினிமாப் படச்சுருளுக்கும் அப்படியே. ஆதலால், நிக்காஹ் வீட்டில் கேமரா தூக்கியவருக்குக் கூலி கொடுத்த தந்தையே அந்நாடாவின் உரிமையாளர். தம் பொருளைத் தாமே படியெடுப்பவர் எவரிடம் அனுமதி பெற வேண்டும்? பின்னணியில் ஒலித்த ஹனீபாவின் பாட்டைப் பற்றி நண்பர் வருந்தினார். மார்க்கச் சடங்கிலும், திருமணத்தோடு இயைந்த கொண்டாட்டங்களிலும் பாடல் ஒலிப்பதை உரிமை மீறலாகக் கொள்ளலாகாது என்று அதே சட்டத்தின் 52 ஆம் பிரிவு விலக்களித்திருக்கிறது. திருமண வீட்டில் ஒலிபெருக்கி கட்டியவர்களைச் சட்டமே விட்டுவிட்டது. திண்ணை விடமாட்டேன் என்கிறது!

கடையில் வாங்கிய நாடாவின் நிலை என்ன? 2012 ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான விலக்கு நூல், இசை, ஓவியம் முதலிய சிலவற்றுக்கே உரியதாயிருந்தது. திருத்தத்திற்குப்பின், 52(1)(அ) பிரிவு, கணிப்பொறி நிரல் தவிர்த்த எந்தப் படைப்பையும் தனிப்பட்ட அல்லது சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான முறையில் கையாள்வது மீறலன்று என்று கூறுகிறது. ‘நியாயமான முறை’ என்னும் சொற்களைக் கவனியுங்கள். கள்ளச் சந்தைக்காரனுக்கு அதில் இடமில்லை. நூறு படி எடுத்து உறவுக்கெல்லாம் அனுப்புவோனும் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. தாம் விலைக்கு வாங்கிய ஒன்றைத் தம் வீட்டில் தாமே காண, மற்றொரு கலத்துக்கு மாற்றிக்கொள்பவரோ, அந்தச் சொற்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ அவரேயாவார்.

“சில கேசட்டுகளில் காப்பி எடுக்கவொட்டாமல் பூட்டுப் போட்டிருக்கிறார்களே?” என்றும் கேட்டனர். உண்மைதான். 1980களின் நடுப்பகுதியிலிருந்து ‘மேக்ரோவிஷன்’ என்னும் முறையில், படத்தின் கண்ணுக்குப் படாத பகுதியில் பொய்யான துடிப்புகளைச் செருகினர். டெக்கிலிருந்து டெக்குக்குப் படியெடுத்தால் படம் ஒரு கணம் வெளிறும், மறு கணம் இருளும். 2012 இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, இத்தகைய பூட்டை உடைப்பதைத் தண்டிக்கத்தான் செய்கிறது. ஆனால் யாரை? பிறர் உரிமையைப் பறிக்கும் எண்ணத்தோடு உடைப்பவரை. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்பவரை அது விலக்கியே வைத்திருக்கிறது. எண்ணத்தை எடைபோடும் சட்டம் நல்ல சட்டம்.

வெளிநாடுகளில் இது எவ்வாறு இருக்கிறது என்றும் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் யூனிவர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள், வீட்டில் படம்பிடிக்கும் இயந்திரத்தை விற்றதற்காக சோனி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பின்னர் பார்ப்பது குற்றமன்று என்று தீர்த்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கோடிக்கணக்கான இல்லத்தார் குற்றவாளிகள்! அத்துணை மெல்லிய நூலில் தொங்கிற்று குடும்பங்களின் மானம். அன்று வழக்காடிய படத்தொழிலே பிற்காலத்தில் நாடா விற்றுப் பெரும் பொருள் ஈட்டியது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கதை இதினும் விந்தையானது. காசு கொடுத்து வாங்கியதைத் தன் சொந்தப் பயனுக்காகப் படியெடுக்கலாம் என்று அங்கே சட்டம் வந்தது 2014 அக்டோபர் முதல் நாள். உரிமையாளர்களுக்கு இழப்பில்லை என்பதற்கு அரசு போதிய சான்று காட்டவில்லை என்று கூறி உயர்நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது 2015 ஜூலையில். ஒன்பது மாதம் ஆகுமாக இருந்தது, பத்தாவது மாதம் ஆகாதாயிற்று. ஆனால் அந்த நாட்டு மக்கள் முன்பும் படியெடுத்தனர், இடையிலும் எடுத்தனர், பின்பும் எடுத்தனர். மனச்சாட்சியுள்ள மக்கள் எல்லாரும் குற்றமென்று உணராத ஒன்றைக் குற்றமென்று எழுதிவைத்தால், குறைவது மக்களின் ஒழுக்கமன்று, சட்டத்தின் மதிப்பே. ஜெர்மானியரோ இதற்கு நேர்மையான வழியொன்றை 1965 ஆம் ஆண்டிலேயே கண்டனர். வீட்டில் படியெடுப்பது இயல்பு என ஒப்பி, பதிவுக் கருவியின் விலையிலேயே ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, அதைப் படைப்பாளிகளுக்குப் பங்கிட்டனர். கலைஞனும் பட்டினியில்லை, குடும்பத்தாரும் கள்வரில்லை.

சட்டத்தை இங்கே நிறுத்துவோம். அதற்கு அப்பாலும் ஒன்றுண்டு. உலகில் இன்று எஞ்சியிருக்கும் அறிவெல்லாம் யாரோ ஒருவர் படியெடுத்ததால் எஞ்சியது.

பக்தாதில் வாழ்ந்த இப்னுன் நதீம் ‘வர்ராக்’ மரபினர். அதாவது, நூல்களைப் படியெடுத்து விற்பவர். ஹிஜ்ரி 377 இல், கிறித்துவ ஆண்டு 987 இல், தாம் அறிந்த அரபு நூல்களையெல்லாம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பட்டியலாகத் தொகுத்தார். அப்பட்டியலை இன்று விரிப்பவர் கண்ணீர் விடாமல் மூட முடியாது. அதில் கண்ட நூல்களுள் மிகப் பெரும்பாலானவை இப்போது இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. படியெடுக்கப்பட்டவை பிழைத்தன; படியெடுக்கப்படாதவை மாண்டன. அவ்வளவே கணக்கு. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணம், 1842 ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அதை அச்சேற்றும்வரை எப்படி வாழ்ந்தது? ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுத்த கைகளில் வாழ்ந்தது. அந்தக் கைகளுக்கு உரியோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களைக் கள்வர் என்பதற்கு எந்த நாக்கு எழும்?

ஏட்டுக்கு மட்டுமன்று, நாடாவுக்கும் இதுவே விதி. பிபிசி நிறுவனம் 1960களிலும் 1970களிலும் தன் பழைய நிகழ்ச்சி நாடாக்களை மறுபயன்பாட்டுக்காக அழித்தது. ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரின் பல பகுதிகள் அவ்வாறு மறைந்தன. படம் மறைந்த அப்பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று இருக்கிறது. எவ்வாறு? தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தமக்காகப் பதிந்துகொண்ட எளிய வீட்டாரால்! உரிமையாளர் அழித்ததை, உரிமையில்லாதார் காத்தனர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் பெண்மணி, முப்பதாண்டுகளுக்கு மேலாக, 2012 இல் தாம் இறக்கும்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் பதிந்தார். ஏறத்தாழ 70,000 நாடாக்கள். அவரைப் பித்துப் பிடித்தவர் என்றோர் இருந்தனர். இன்று அது வரலாற்றுக் கருவூலம்.

இவ்வளவும் படியெடுப்போர்க்கு ஆதரவாகச் சொன்னேன். இனி, அவர்களிடமும் கடுமையாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சொந்தப் பயன்பாடு’ என்ற சொல்லைக் கேடயமாகப் பிடிப்பவர் அச்சொல்லுக்கு உட்பட்டு நடத்தல் வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை, பழைய கல்யாண நாடாவை டிஸ்க்கில் மாற்றினான். நல்லது. பிறகு அதிலிருந்து பெண்கள் பகுதியில் எடுத்த காட்சியொன்றை வெட்டித் தன் கைப்பேசியிலிருந்து நாற்பது பேர் உள்ள குழுவுக்கு அனுப்பினான். மாலைக்குள் அது ஊரெல்லாம் சுற்றியது. அதில் பதினெட்டு வயதுப் பெண்ணாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் இன்று பேரன் எடுத்த பெரியம்மா. “அன்று நம் வீட்டார் பார்க்கத்தானே நின்றேன். இவன் யார் என்னை நாற்பது பேர் கையில் கொடுக்க?” என்று அவர் அழுதார். நாடாவில் இருப்பவர் அக்கூடத்தை நம்பி நின்றவர். அந்த நம்பிக்கை அமானத். நாடாவை ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு மாற்றும்போது அமானத்தும் கூடவே மாறுகிறது; கழன்றுவிடுவதில்லை. கம்பெனியின் உரிமைக்காக வாய்கிழியப் பேசும் நம் திண்ணை, இந்த அம்மையாரின் உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். களவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதை இதற்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

மற்றொரு பிழையை நானே செய்தவன். அரபு மொழியில் ‘நஸ்க்’ என்றொரு சொல் உண்டு. படியெடுத்தல் என்பதும் அதன் பொருள். முந்தியதை நீக்கிவிடுதல் என்பதும் அதன் பொருள். மாணவர்களுக்கு இவ்விரு பொருளையும் பல்லாண்டு விளக்கியவன் நான். என் வீட்டு விஷயத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். 2005 ஆம் ஆண்டில் தங்கையின் நிக்காஹ் நாடாவை விசிடியாக மாற்றினோம். மாற்றித் தந்தவர், “இனி நாடா எதற்கு? இது காலத்துக்கும் அழியாது” என்றார். நம்பினேன். நாடாவைக் குப்பையில் போட்டேன். சில ஆண்டுகளில் அந்த டிஸ்க்கின் மேற்பூச்சு, பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரிந்தது. எந்தக் கருவியிலும் ஓடவில்லை.

வீட்டில் பதியப்படும் டிஸ்க் வேறு, ஆலையில் அச்சடிக்கப்படும் டிஸ்க் வேறு. அச்சடித்ததில் பள்ளங்கள் அழுத்தப்பட்டிருக்கின்றன. வீட்டில் பதிவதிலோ ஒரு சாயப்படலத்தின்மேல் ஒளி வடுவிடுகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அச்சாயம் மங்கும். அன்றியும், விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகளே கொண்டது. நாடாவில் இருந்த தெளிவில் ஒரு பகுதி மாற்றும்போதே போய்விடுகிறது. பின்னர் வந்த டிவிடி 4.7 ஜிபி கொள்ளும். இரண்டு மணி நேரத்தை ஓரளவு தெளிவாகத் தாங்கும். மூன்று மணி நேரத்தை அதற்குள் திணித்தால் முகங்கள் கட்டங் கட்டமாகச் சிதறும். டிஸ்க்கின் காலமும் முடிந்துவருகிறது. பதியத்தக்க ப்ளூரே டிஸ்க்குகளின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே, டிஸ்க் என்பது வழியில் ஒரு சாவடியே. வீடு என்று எண்ணி அங்கே படுத்துவிடலாகாது.

அப்படியாயின் நான் முதலில் சொன்ன நிக்காஹ் நாடா எங்கிருந்து வந்தது? பினாங்கில் வாணிபம் செய்துவந்த எங்கள் தாய்மாமாவால் 1988 இல் அந்த நிக்காஹுக்கு வர இயலவில்லை. அவருக்காக, படம் எடுத்தவரே இரண்டு டெக்குகளை இணைத்து ஒரு படி எடுத்துக்கொடுத்தார். மாமா ஊர் திரும்பியபோது அதுவும் திரும்பியது. மாமா மறைந்தபின், மாமி அதைத் தம் பெட்டியில், கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தார். சென்ற ஆண்டுதான் கண்டெடுத்தோம். மூலம் என் அறியாமையால் போயிற்று. படி மாமியின் அன்பினால் இருந்தது. படியெடுத்தல் களவு என்று 1988 இல் ஒருவர் திண்ணையில் அமர்ந்து தீர்ப்பளித்து, எங்கள் வாப்பாவும் அதைக் கேட்டு நடந்திருந்தால், இன்று எங்களிடம் ஒன்றுமே இருந்திராது.

ஆதலின், சகோதரர்களே, தாய்மார்களே, அலமாரியைத் திறவுங்கள். பூஞ்சை பிடித்த நாடாவை அவசரப்பட்டு டெக்கில் செருகாதீர்கள். அது டெக்கின் தலையையும் அழுக்காக்கும், அடுத்த நாடாவுக்கும் தொற்றும். தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழை ஒடித்துவிடுங்கள். அதன்பின் தவறியும் அதன்மேல் வேறொன்று பதியாது. மூன்று மணி நேர நாடாவைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். நேரே டிஸ்க்கில் பதிவதோடு நில்லாமல், கணிப்பொறிக் கோப்பாகவும் எடுத்து, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள். மாற்றியபின் நாடாவை எறியாதீர்கள்; ஈரமில்லாத இடத்தில் நிறுத்திவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு முதியவரை அருகில் அமர்த்தி, திரையில் வருவோர் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத முகம் பாதி மறைந்த முகமே.

மாமியின் நாடாவின் கடைசி நான்கு நிமிடங்களில், நிக்காஹ் முடிந்து எங்கள் வாப்பா துஆ ஓதுகிறார். 1994 இல் அவர் வஃபாத்தானார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. நகரத்து ஸ்டூடியோவிலிருந்து கோப்பு வந்த அன்று, வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்தோம். துஆவின் ஒவ்வொரு வரிக்கும் 1988 ஆம் ஆண்டுச் சபை ‘ஆமீன்’ என்றது. என் தங்கையின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, தன் முப்பாட்டனாரை முதன்முறையாகக் கண்டவள், யாரும் சொல்லாமலே தானும் கையேந்தி ‘ஆமீன்’ என்றாள்.

இதைக் களவு என்பார் என் முன்வந்து சொல்லட்டும். சிங்கப்பூரில் வாங்கிய அந்தப் பாட்டு நாடா இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. அதையும் படியெடுத்துத் தர ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் எடுப்பேன், என் வீட்டில் கேட்பேன், அதற்கப்பால் யாருக்கும் தரமாட்டேன்.